இணையத்தள உருவாக்கக் கல்வியும் தமிழறிவும்

உயர்நிலைப் பள்ளியை முடித்து, அடுத்து என்ன படிப்பது என்று எண்ணி நிற்கும் மாணவரிடம் நாம் பெரும்பாலும் இரண்டு அறிவுரைகளைக் கூறுகிறோம். கணினித்துறையைப் படித்தால் வேலை கிடைக்கும் என்பது ஒன்று. தமிழை மறந்துவிடாதே என்பது மற்றொன்று. முன்னது பிழைப்புக்கு உரியது, பின்னது பண்பாட்டுக்கு உரியது என்னும் பாகுபாடு இவ்விரு அறிவுரைகளுக்குள்ளும் மறைந்து நிற்கிறது. மாணவரும் அதனை அவ்வாறே உள்வாங்கிக்கொள்கிறார். கல்லூரிக்குள் நுழைந்ததும் பண்பாட்டுக்கு உரியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பிழைப்புக்கு உரியதை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறார்.

இந்தப் பாகுபாடு பிற துறைகளில் எவ்வளவு பொருந்தும் என்பது வேறு ஆய்வு. இணையத்தள உருவாக்கம் என்னும் துறையில் அது பொருந்தாது. ஓர் இணையப்பக்கம் என்பது முதலில் எழுத்து, பின்னரே படமும் வண்ணமும். எழுத்தைக் கையாளும் எந்தத் தொழிலிலும் எழுத்தின் இலக்கணம் தொழிலறிவின் ஒரு பகுதியாகும். இத்துறையில் கல்லூரிகள் எவற்றைக் கற்பிக்கின்றன, அக்கல்வியில் தமிழறிவு எங்கே பயன்படுகிறது, படித்து முடித்தவர் என்னென்ன பணிகளுக்குச் செல்லலாம் என்பவற்றை ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறையின் தோற்றமும் சிங்கப்பூரின் பங்கும்

உலகளாவிய வலை என்று நாம் வழங்கும் அமைப்பை 1989இல் சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்தார். ஆய்வறிஞர்கள் தம் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதற்காகத் தோன்றிய அவ்வமைப்பு, 1993இல் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவிக்கப்பட்ட பின்னர் உலகெங்கும் பரவியது. பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல், தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ், பக்கத்தை இயங்கச் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே உருவாகிவிட்டன. இன்று முதலாண்டு மாணவர் கற்கும் அடிப்படைகள் இவையே.

தமிழ் இவ்வமைப்புக்குள் காலம் தாழ்ந்து நுழைந்த மொழியன்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே 'முரசு' என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கியிருந்தார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் தமிழ் எழுத்துமுறையைக் கணினிக்காக வடிவமைத்தார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பு இணையத்தில் வெளியிடப்பட்டபோது, அதில் தமிழ்க் கவிதைகள் தமிழ் எழுத்திலேயே இடம்பெற்றதற்கு அவருடைய உழைப்பு அடிப்படையாக அமைந்தது. 1997இல் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு சிங்கப்பூரில் கூடியது. 2000ஆம் ஆண்டு மாநாட்டின்போது உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமும் இங்கேயே தொடங்கப்பெற்றது. 2011ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுக்குரிய இணையப் பெயர்களின் ஈறுகளுள் '.சிங்கப்பூர்' என்று தமிழில் எழுதப்படும் ஈறும் ஒன்றாகும்.

இவ்வரலாற்றிலிருந்து மாணவர் கற்க வேண்டியது ஒன்றுண்டு. நா. கோவிந்தசாமி சிறுகதை எழுதியவர், ஆசிரியர்களுக்குத் தமிழ் கற்பித்தவர். அவர் மொழியறிவை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கணினிக்குச் செல்லவில்லை. மொழியறிவே அவரைக் கணினியிடம் அழைத்துச் சென்றது.

கல்லூரியில் கற்பிக்கப்படுவன

சிங்கப்பூரில் இத்துறைக்குள் நுழைவதற்கு வழிகள் பல. சாதாரண நிலைத் தேர்வுக்குப் பின் ஐந்து பலதுறைத் தொழிற்கல்லூரிகளுள் ஒன்றில் மூன்றாண்டுப் பட்டயப்படிப்பில் சேரலாம். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் செய்முறைப் பயிற்சி மிகுந்த படிப்பை முடித்து, அங்கிருந்து பட்டயப்படிப்புக்கும் செல்லலாம். தொடக்கக் கல்லூரி வழியாகப் பல்கலைக்கழகத்தின் கணினியியல் பட்டப்படிப்பை அடையலாம். வேலையில் இருப்போர் 2015இல் தொடங்கப்பெற்ற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தின் துணையுடன் பகுதிநேரமாகவும் கற்கலாம். படிப்புகளின் பெயர் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் உருவாக்கம், ஊடக வடிவமைப்பு எனப் பல பெயர்களுக்குள்ளும் இணையத்தள உருவாக்கம் ஒரு பாடமாக அமைந்திருக்கும். ஆதலின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், பாடத்திட்டத்தைப் படித்துப் பார்ப்பதே அறிவுடைமை.

பாடத்தின் உள்ளடக்கத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பள்ளிகளுக்கு இடையிலான தமிழ்ப் பேச்சுப்போட்டிக்கு இணையவழிப் பதிவுப் படிவம் ஒன்று தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர் தம் பெயர், பள்ளி, தலைப்பு ஆகியவற்றை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பயனருக்கு அது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் நான்கு அடுக்குகள் இயங்குகின்றன.

முதலாவது, கண்முன் தெரியும் முகப்பு. படிவத்தின் கட்டங்கள், எழுத்துரு, கைப்பேசியின் சிறு திரையிலும் மேசைக்கணினியின் பெருந்திரையிலும் பக்கம் ஒழுங்காக அமைதல் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது, வழங்கியில் இயங்கும் பின்புலம். அனுப்பப்பட்ட தகவல் முறையானதா என்று சோதிப்பதும், யார் எதைப் பார்க்கலாம் என்று வரையறுப்பதும் இதன் பணி. பைத்தான், ஜாவா, பிஎச்பி முதலிய நிரல்மொழிகள் இங்கே பயன்படுகின்றன. ஜாவாஸ்கிரிப்டும் இப்பணிக்கு வந்துவிட்டது. மூன்றாவது தரவுத்தளம். தகவலைச் சேமித்தல், தேடுதல், வரிசைப்படுத்தல் ஆகியவற்றை எஸ்கியூஎல் என்னும் வினவுமொழி வாயிலாக மாணவர் கற்கிறார். நான்காவது, இவை அனைத்தையும் பாதுகாப்பாக நிறுவி இயக்குதல். குழுவாக எழுதப்படும் நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் கிட் என்னும் கருவி, மேகக்கணிமை, பாதுகாப்புச் சோதனை ஆகியவை இங்கே வருகின்றன.

இவற்றுடன் பயனர் ஆய்வு, அனைவரும் அணுகத்தக்க வடிவமைப்பு, திட்டப்பணி ஆகியவையும் உண்டு. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் இறுதிக்கட்டத்தில் பல மாதங்கள் நிறுவனமொன்றில் வேலைப் பயிற்சி பெற வேண்டும். இத்துறையில் தேர்வு மதிப்பெண்ணைவிட, தாம் உருவாக்கிய தளங்களைக் காட்டும் படைப்புத் தொகுப்பையே வேலைக்கு எடுப்போர் கூர்ந்து பார்ப்பர். ஆகவே கற்கும் காலத்திலேயே பயன்தரும் தளங்கள் இரண்டு மூன்றையேனும் உருவாக்கியிருப்பது நன்று.

இனி, நம் பேச்சுப்போட்டிப் படிவத்தைத் தமிழில் அமைக்கும்போது எழும் சிக்கல்களைப் பார்ப்போம். தமிழாசிரியரின் வகுப்பறை இங்கேதான் நிரலரின் மேசைக்கு வந்து சேர்கிறது.

எழுத்தும் குறியீடும்

தமிழ் இலக்கணம் மெய்யெழுத்தை அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் பிறப்பதாகக் கூறுகிறது. கணினிகள் இன்று பின்பற்றும் ஒருங்குறி முறை இதற்கு மாறானது. அதில் அகரமேறிய 'க' என்பதே அடிப்படைக் குறியீடு. 'க்' என்பது 'க'வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'கி' என்பதும் இரண்டு. 'க்ஷ' மூன்று. தமிழ் எழுத்துகளுக்கு 128 இடங்களே ஒதுக்கப்பட்டிருப்பினும் 247 எழுத்துகளையும் எழுத முடிவது இந்தச் சேர்க்கை முறையால்தான்.

இதன் விளைவைப் படிவத்தின் பெயர்க் கட்டத்தில் காணலாம். 'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்று தொடக்கப்பள்ளி மாணவரைக் கேட்டால் மூன்று என்பார். ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஐந்து என்னும். பெயருக்குப் பத்து எழுத்து போதும் என்று ஒரு நிரலர் வரம்பு விதித்துவிட்டால், 'முத்துலட்சுமி' என்னும் ஏழெழுத்துப் பெயர் அதற்குள் அடங்காது. ஏனெனில் கணினிக்கு அது பதின்மூன்று குறியீடு. பத்தாவது குறியீட்டுடன் கட்டம் நின்றுவிட, அப்பெண் 'முத்துலட்ச' ஆகிவிடுவாள். நிரலில் பிழையென்று எதுவும் தோன்றாது. கணினி எந்த எச்சரிக்கையும் தராது. பெயரைப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அது பிழை.

அடுத்தது தேடல். 'கோமதி' என்னும் பெயரின் முதலெழுத்தைக் கணினியில் இரண்டு வகையாகச் சேமிக்க முடியும். 'ோ' என்பதை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு வகையில் பதிவான பெயரை மறுவகையில் தேடினால், அப்படி ஒருவர் இல்லை என்று கணினி கூறிவிடும். இரண்டையும் சமன் என்று கொள்ளும் சீராக்க முறை ஒருங்குறியிலேயே உண்டு. நிரலர் அதைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தால் போதும்.

'கௌரி' என்னும் பெயரில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஔகாரக் குறியின் பிற்பகுதி 'ள' என்னும் எழுத்தைப் போலவே இருப்பதால், பலர் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சு செய்துவிடுகின்றனர். கண்ணுக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஒருங்குறியின் சீராக்க முறை இதனைத் திருத்தாது. ஏனெனில் ளகரம் முறையான வேறோர் எழுத்து. ஔகாரக் குறியும் ளகரமும் வடிவால் ஒத்துப் பயனால் வேறுபடுபவை என்பதை அறிந்தவரே இவ்விடத்தில் தக்க சோதனையை எழுத முடியும். அந்த அறிவு தமிழ் எழுத்தியலிலிருந்து வருவது.

பொது அறிவிப்புகளிலும் அச்சிட்ட தாள்களிலும் கொம்பு ஓரிடத்தும் எழுத்து ஓரிடத்துமாகச் சிதறிக் கிடக்கும் தமிழை நம்மில் பலர் கண்டு வருந்தியிருக்கிறோம். அதன் காரணமும் இதுவே. 'கெ' என்பதைக் கணினி முதலில் ககரம், பின்னர் கொம்பு என்னும் ஒலிப்பு வரிசையில் சேமிக்கிறது. காட்டும்போது கொம்பை முன்னே நகர்த்த வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. இந்த நகர்த்தலை அறியாத மென்பொருளில் தமிழை ஒட்டினால் கொம்பு பின்னே நின்றுவிடுகிறது. மொழிபெயர்த்தவர் செய்த பிழையன்று அது. மொழிபெயர்ப்பு கைமாறிச் சென்ற வழியில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரும் இல்லாததன் விளைவு.

அகரவரிசை என்னும் சோதனை

பதிவு முடிந்ததும் போட்டியாளர் பட்டியலை அகரவரிசையில் அடுக்க வேண்டும். இதனை மாணவர்க்கு விளக்குவதற்குப் பெயர்களைவிட எளிய சொற்கள் ஏற்றவை. பலா, பழம், பறவை, பனை என்பது அகராதியின் வரிசை. நம் மெய்யெழுத்து வரிசையில் ல, வ, ழ, ள, ற, ன என்று வருவதே இதற்குக் காரணம். ஒருங்குறியில் எழுத்துகளின் இருப்பிடம் வேறு. அங்கே நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வைக்கப்பட்டுள்ளன. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான ஓர் அடுக்குமுறையைத் தழுவியதால் நேர்ந்தது இது. ஆகவே குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் பனை, பறவை, பலா, பழம் என்று தலைகீழாகத் தரும்.

புள்ளியும் இவ்வாறே. அகராதியில் 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் வரும். மெய் முன், உயிர்மெய் பின் என்பது விதி. ஒருங்குறியில் புள்ளியின் எண் பெரியது. அதனால் கணினி 'பகல்' என்பதை முன்னே வைத்துவிடும்.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மொழிக்கும் உரிய அகரவரிசை விதிகள் பொதுத் தரவாகத் தொகுக்கப்பட்டுள்ளன. தமிழுக்கும் அவை உண்டு. வரிசைப்படுத்தும் கட்டளையில் மொழி தமிழ் என்று குறிப்பிட்டால் சரியான அடுக்கு கிடைத்துவிடும். ஒரு வரி வேலை. ஆயினும் அந்த ஒரு வரி தேவை என்பது, விடையைப் பார்த்தவுடன் 'இது அகரவரிசை இல்லையே' என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் புலப்படும். அகராதியைப் புரட்டிப் பழகிய மாணவர் இவ்விடத்தில் உடன் பயிலும் பிறரைவிட ஓர் அடி முன்னே நிற்கிறார்.

வேற்றுமை உருபு கேட்கும் கேள்வி

பதிவு செய்தவர்களுக்கு மின்னஞ்சல் செல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னே ஒரு சொல்லை வைத்துவிட்டால் நான்காம் வேற்றுமைப் பொருள் வந்துவிடும். பெயர் எதுவாயினும் அது மாறுவதில்லை. அப்பழக்கத்தில் ஒரு நிரலர், பெயரை ஓரிடத்தில் நிரப்பி அதன் பின்னே 'க்கு' என்று ஒட்டிவிடுகிறார். வள்ளிக்கு அது பொருந்திவிடும். கண்ணன் 'கண்ணன்க்கு' ஆகிறார். செல்வம் 'செல்வம்க்கு' ஆகிறார். மாலா 'மாலாக்கு' ஆகிறார். கண்ணனுக்கு, செல்வத்துக்கு, மாலாவுக்கு என்று சாரியையும் உடம்படுமெய்யும் பெயரின் ஈற்றைப் பொறுத்து மாறுவதை அந்த நிரல் அறியாது. நம் பள்ளிகளில் தமிழரல்லாத மாணவரின் பெயர்களும் பட்டியலில் வரும்போது ஈறுகள் மேலும் பெருகும்.

எல்லா ஈறுகளுக்கும் விதி எழுதுவது ஒரு தீர்வு. கற்பதற்கு அது நல்ல பயிற்சி. எளிய தீர்வொன்று நம் கடித மரபிலேயே இருக்கிறது. பெயரின் பின் 'அவர்கள்' என்னும் மரியாதைச் சொல்லை வைத்துவிட்டால், உருபை ஏற்கும் பொறுப்பு அச்சொல்லுக்குப் போய்விடுகிறது. கண்ணன் அவர்களுக்கு, செல்வம் அவர்களுக்கு, மாலா அவர்களுக்கு என எப்பெயரும் மாற்றமின்றி நின்றுவிடும். மரியாதைக்காகத் தோன்றிய வழக்கு நிரலருக்கு வசதியாகவும் அமைந்துவிட்டது. இத்தீர்வைக் கணினியியல் நூலில் தேட முடியாது. தமிழில் கடிதம் எழுதிப் பழகியவர்க்கு இது கைவசம் இருக்கிறது.

திரையின் அகலமும் இலக்கணத்தோடு தொடர்புடையது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழில் சொற்கள் நீளமானவை. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. 'அனுப்புக' என்று சொன்னால் அடங்கும், பொருளும் குறையாது. இகர ஈகாரக் குறிகள் மேலேயும் உகர ஊகாரக் குறிகள் கீழேயும் நீள்வதால் வரிகளுக்கிடையே கூடுதல் இடம் விட வேண்டும். இல்லையேல் தலையும் காலும் வெட்டுண்ட எழுத்துகளே தெரியும்.

பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், பக்கம் தமிழில் உள்ளது என்னும் குறிப்பை நிரலில் காணாவிட்டால், தமிழை வேறு மொழியின் ஒலிப்பால் வாசிக்க முயன்று தடுமாறும். பக்கத்தின் மொழியைக் குறிப்பிட வேண்டும் என்பது உலக வலைக் கூட்டமைப்பின் அணுகல் வழிகாட்டியில் அடிப்படை நிலை விதிகளுள் ஒன்று. இரண்டு எழுத்துக் குறிப்பு அது. அதனை எழுத மறந்தால், தமிழ்ப் பக்கம் இருந்தும் ஒருவருக்கு அது இல்லாமற் போகிறது.

பணிவாய்ப்புகள்

இப்படிப்பை முடித்தவர் செல்லக்கூடிய பணிகள் பலவகையின. முகப்பு நிரலர், பின்புல நிரலர், இரண்டையும் செய்யும் முழுஅடுக்கு நிரலர் ஆகியோர் தளத்தைக் கட்டுபவர்கள். பயனர் ஆய்வாளரும் இடைமுக வடிவமைப்பாளரும் மக்கள் ஒரு தளத்தை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று கண்டறிந்து வடிவம் கொடுப்பவர்கள். தரச் சோதனையாளர் பிழை காண்பவர். மேகக்கணிமைப் பொறியாளரும் பாதுகாப்பு வல்லுநரும் தளம் இடையறாது இயங்கவும் தகவல் களவு போகாமலும் காப்பவர்கள். அனுபவம் முதிர்ந்தபின் திட்ட மேலாளராகவோ சொந்த நிறுவனத்தின் உரிமையாளராகவோ ஆகலாம்.

வங்கி, மருத்துவமனை, விமான நிறுவனம், செய்தி ஊடகம், கல்வி நிலையம் என இணையத்தளம் இல்லாத துறையே இன்று இல்லை. அரசாங்கத்தின் மின்னிலக்கச் சேவைகளை உருவாக்குவதற்காக 2016இல் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு நிறுவப்பட்டது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் கொண்ட நாட்டில், மக்கள் கைப்பேசியில் பயன்படுத்தும் சேவைகளுக்குள் தமிழுக்கும் இடம் தேவைப்படுகிறது.

மொழியறிவு நேரடியாகப் பயன்படும் பணிகளும் உண்டு. ஒரு தளத்தைப் பிறமொழிகளுக்கும் பிற நாடுகளுக்கும் ஏற்றதாக அமைக்கும் மொழியமைவுப் பொறியாளர், அணுகல் வல்லுநர், எழுத்துரு வடிவமைப்பாளர், இடைமுகச் சொற்களை எழுதுபவர், மின்னூலகப் பணியாளர் ஆகியோர் அத்தகையோர். தேசிய நூலக வாரியத்துடன் இணைந்து சமூகம் மேற்கொண்ட முயற்சியால் 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்னுருப் பெற்றதை நாம் அறிவோம். அத்தகைய தொகுப்பில் ஒரு நூல் தேடியவுடன் கிடைக்க வேண்டுமானால், மேலே கூறிய எழுத்துச் சிக்கல்கள் அனைத்தையும் ஒருவர் தீர்த்து வைத்திருக்க வேண்டும்.

தமிழ் மட்டும் போதுமா?

மாணவரிடம் உண்மையை மறைக்கலாகாது. தமிழ்த் தளங்களை மட்டும் உருவாக்கி வாழ்க்கை நடத்தும் அளவுக்கு இங்கே வேலைகள் மிகுதியாக இல்லை. தமிழ் நன்கு தெரியும் என்பதால் மட்டும் எவரும் நிரலர் வேலை தரமாட்டார். தருக்க அறிவும் கணித அடிப்படையும் இடையறாத பயிற்சியும் இன்றியமையாதவை. கற்ற கருவிகள் சில ஆண்டுகளில் பழையனவாகிவிடும். வாழ்நாள் முழுவதும் கற்க விருப்பமில்லாதவர்க்கு இத்துறை ஏற்றதன்று.

அண்மைக்காலத்தில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நிரல் எழுதித் தருகின்றன. எளிய பக்கங்களைக் கட்டும் வேலையை அவை விரைந்து செய்துவிடுவதால், தொடக்கநிலைப் பணியாளரிடமும் எதிர்பார்ப்பு உயர்ந்துவருகிறது. எழுதப்பட்ட நிரலைச் சோதித்து, எங்கே தவறும் என்று முன்னுணரும் திறனுக்கே இனி மதிப்பு மிகும். நாம் கண்ட முத்துலட்சுமியும் கௌரியும் கண்ணனும் அத்தகைய இடங்கள். கருவி எழுதித் தந்த நிரல் அப்பெயர்களிடம் தோற்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் மனிதருக்குத்தான் தோன்ற வேண்டும்.

மேலும், தமிழின் சிக்கல்களைத் தீர்க்கக் கற்றவருக்கு அவ்வறிவு தமிழோடு நின்றுவிடுவதில்லை. நம்மைச் சூழ்ந்துள்ள நாடுகளை எண்ணிப் பாருங்கள். தாய்லாந்து எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. ஜாவி எழுத்து வலமிருந்து இடமாகச் செல்வது. பர்மிய, கெமர் எழுத்துகளில் குறிகள் நான்கு திசையிலும் சேர்கின்றன. இவ்வட்டாரத்துக்குச் சேவை செய்யும் நிறுவனங்கள் பல சிங்கப்பூரிலிருந்து இயங்குகின்றன. ஆங்கிலம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு படித்த நிரலர் திகைக்கும் இடத்தில், தமிழெழுத்தின் இயல்பை அறிந்தவர் கேட்க வேண்டிய கேள்விகளை முன்னரே அறிந்திருப்பார். ஓர் எழுத்து என்பது எது, சொல் எங்கே முடிகிறது, வரிசை எதனால் அமைகிறது என்னும் கேள்விகள் எல்லா மொழிக்கும் பொதுவானவை.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கன

தமிழாசிரியர் நிரல் எழுதக் கற்க வேண்டியதில்லை. எழுத்தியலும் புணர்ச்சியும் கற்பிக்கும்போது, இவ்விதியைக் கணினிக்கு எவ்வாறு சொல்வது என்று ஒரு கேள்வியை வகுப்பில் எழுப்பினால் போதும். வேற்றுமை உருபு ஏற்கும் பெயர்களை ஈறு வாரியாக வகைப்படுத்தும் பயிற்சி இலக்கணப் பயிற்சியாகவும் நிரலாக்கத்துக்கு முற்பயிற்சியாகவும் அமையும். அகராதியில் சொல் தேடும் பழக்கத்தையும் கைவிட்டுவிடலாகாது.

கணினி பயிலும் மாணவர், தம் திட்டப்பணிகளுள் ஒன்றையேனும் தமிழில் செய்து பார்க்கலாம். பள்ளியின் தமிழ்மன்றத்துக்கு ஒரு தளம், நூலகத்துக்கு ஒரு பட்டியல், குடும்பத்துப் பெரியோரின் நினைவுகளைத் தொகுக்கும் ஒரு பக்கம் என எதுவாயினும் ஆகலாம். பெயர்களைச் சேமித்து, தேடி, அடுக்கி, கைப்பேசியிலும் திரைவாசிப்பானிலும் சோதித்துப் பார்த்தால், வேலை நேர்காணலில் சொல்வதற்குத் தம் சொந்த அனுபவம் கிடைத்துவிடும். தமிழ் விக்கிப்பீடியா, ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, வேர்ட்பிரஸ் போன்றவை தமிழ்வடிவில் தன்னார்வலர்களாலேயே வளர்ந்துவருகின்றன. அவற்றில் பங்களிக்க வயதோ பட்டமோ தடையன்று. அப்பங்களிப்பு பலரும் பார்க்கத்தக்க படைப்புத் தொகுப்பாகவும் நிற்கும்.

அதிகாரத்துவ மொழி என்னும் தகுதி சட்டத்தால் கிடைப்பது. திரையில் அம்மொழி பிழையின்றித் தோன்றுவது அதனை அங்கே வைப்பவரின் அறிவால் கிடைப்பது. தமிழ்ப்பக்கத்தை உருவாக்கும் குழுவில் தமிழைப் படிக்கத் தெரிந்த நிரலர் ஒருவர் இருப்பாரா என்பது, இன்று உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்தது. அவர்களிடம் இனி இரண்டு அறிவுரைகளைத் தனித்தனியே கூற வேண்டியதில்லை. கணினியைக் கற்றுக்கொள், உன் தமிழையும் உடன் எடுத்துச் செல் என்று ஒரே மூச்சில் கூறலாம்.